கம்பித்தட்டில் வயலின் வாசித்த கூனன்

தென்காசியை அடுத்த மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கிறாள், குறத்தி சிங்கி கை பார்த்துக் குறி சொல்கிறாள், புது நகைகளைப் பற்றி அவள் கணவன் சிங்கன் துருவித் துருவிக் கேட்க, சிங்கி சளைக்காமல் பதில் கொடுக்கிறாள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ழாக் கலோவின் (1592–1635) படங்கள் நினைவுக்கு வரும். லொரேன் நாட்டு நான்சி நகரத்தவரான அவரும் கைரேகை பார்க்கும் நாடோடிப் பெண்களை ஆசையாக வரைந்தவர்.

கலோவின் கலை எட்சிங். மெருகேற்றிய செப்புத் தகட்டில் அமிலம் புகாத பூச்சைத் தடவி, அதன்மேல் ஊசியால் வரைவார்கள். ஊசி பூச்சை மட்டுமே கீறும். தகட்டை அமிலத்தில் இட்டதும் கீறிய இடங்கள் அரித்துப் பள்ளமாகும். பள்ளங்களில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாள் வைத்து உருளைகளுக்கிடையே செலுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும். உளியால் செம்பைக் குடைந்து படம் செய்யப் பல வருடப் பயிற்சி வேண்டும். இதிலோ, தாளில் எழுதுவதுபோலக் கை ஓடும். ஆட்டத்தையும் துள்ளலையும் பிடிக்க இதைவிட என்ன வேண்டும்?

ஒரு தொல்லை இருந்தது. மெழுகுப் பூச்சு பெயர்ந்தால், வேண்டாத இடத்திலும் அமிலம் புகுந்து படத்தைக் கெடுத்துவிடும். லூட் என்னும் நரம்புக் கருவியைச் செய்பவர்கள் மரத்துக்குப் பூசிய கெட்டி வார்னிஷைக் கலோ தகட்டுக்குப் பூசினார். அதன்பின் ஒரே தகட்டைப் பலமுறை அமிலத்தில் இட முடிந்தது. தொலைவில் உள்ளவற்றை முதல் அரிப்புக்குப் பிறகு மூடிவிட்டு, அருகில் உள்ளவற்றை மேலும் ஆழமாக அரிக்க விட்டார்.

1622 வாக்கில் அவர் செய்த ‘ஸ்ஃபெசானியா ஆட்டங்கள்’ 24 சிறு படங்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும். முன்னே கூத்தாடிகள் இருவர் தடித்த கோடுகளில் துள்ளுகிறார்கள்; பின்னே வேடிக்கை பார்ப்பவர்கள் நூலிழைக் கோடுகளில் நிற்கிறார்கள். ஒன்றில் ரசுல்லோ என்பவன் நீண்ட கழுத்துள்ள நரம்புக் கருவியை மீட்ட, குக்குருக்கு என்பவன் ஆடுகிறான். கூனர்களை வரைந்த கலோவின் இன்னொரு வரிசையில் எனக்குப் பிடித்தவன், இறைச்சி சுடும் கம்பித்தட்டையே வயலினாகப் பிடித்து வாசிப்பவன். அவன் முகத்தில் கச்சேரி வித்வானின் முனைப்பு!

இந்தக் கலை நம் பக்கமும் வந்தது. 1792இல் தென்னாட்டில் சுற்றிய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் குற்றாலத்துக்குத் தெற்கே உள்ள பாபநாசம் அருவியை வரைந்து, அக்வாடின்ட் என்ற எட்சிங் வகையில் அச்சிட்டார்கள். கல்கத்தாவில் ஓவியர் சால்வின்ஸ் 1799இல் வெளியிட்ட 250 எட்சிங்குகளில் இசைக்கருவிகளுக்கே ஒரு பகுதி உண்டு. குற்றாலத்துச் சிங்கனையும் சிங்கியையும் யாராவது செப்புத் தகட்டில் ஆட வைத்தால், முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.