தேவசகாயமும் ஒரு வாலும்

திருநெல்வேலிச் சீமையில் தேவசகாயம் என்று கூப்பிட்டால் எபிரேய மொழி யாருக்கும் நினைவுக்கு வராது. அவ்வளவுக்கு நம்மூர்ப் பெயராகிவிட்டது. ஆனாலும் அதன் மூலம் எலெயாசார் என்ற எபிரேயப் பெயர்தான்: ‘கடவுள் உதவினார்’ என்று பொருள். கிரேக்கத்தில் சுருங்கி லாசரோஸ் ஆகி, நம் பைபிளில் லாசரு ஆனது. பாளையங்கோட்டைப் பக்கம் சகஜமான எபெனேசரும் (‘உதவிக் கல்’) அதே வேரில் கிளைத்ததே. 1745இல் நட்டாலம் நீலகண்ட பிள்ளை, இன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது லாசரு என்ற பெயர் தேவசகாயம் ஆனது. இரண்டு பாதியும் வடசொல்லாயிற்றே, இதில் தமிழ் எங்கே என்று கேட்கலாம். சகாயம் கேட்டுப் பிழைத்த சனத்துக்கு அது அந்நியச் சொல்லாக இருந்திருக்காது. எலெயாசார் என்றிருந்தால் வெறும் சத்தமாகவே நின்றிருக்கும்.

கடவுள் உதவினார் என்றால், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றபோது அந்த உதவி எங்கே போயிற்று? தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. பதில் பைபிளின் இரண்டு லாசருக்களிடம் இருக்கிறது. பெத்தானியா ஊர் லாசரு கல்லறைக்குள் போய் நான்கு நாள் ஆன பிறகே இயேசு வருகிறார். லூக்கா சொல்லும் லாசருவோ பணக்காரன் வாசலில் கிடந்த பிச்சைக்காரன். அவன் புண்ணை நாய்கள் நக்கின. சாகும்வரை ஒரு கை நீளவில்லை. இயேசுவின் உவமைகளில் பெயர் பெற்ற ஏழை அவன் ஒருவனே. பணக்காரனுக்குப் பெயரே இல்லை. ஆக, வேறு எந்தத் துணையும் இல்லாதவனுக்கே இந்தப் பெயர் பொருந்துகிறது.

அப்படியானால் தேவசகாயத்தின் பின்னால் ஒட்டிய ‘பிள்ளை’ இடறுகிறது. திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவருக்குச் சாதியும் பெரிய சகாயமாகத்தானே இருந்திருக்கும்! 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கும் முன் வத்திக்கான் அந்த வாலை எடுத்துவிட்டது. வரலாற்றுப் பெயரை வெட்டலாமா என்று சிலர் வருந்தினார்கள். நீலகண்டனின் வரலாற்றில் பிள்ளை இருக்கட்டும். சாதி பாராமல் பழகச் சொன்ன தேவசகாயத்துக்கு அது வேண்டாம் என்பதே என் கட்சி. அவர் பெயர் வாங்கிய வடக்கன்குளத்துக்கே இது புரிய நாளாயிற்று. 1872இல் அங்கே எழுந்த கோயிலில் சாதிக்கொரு பக்கமாக இரண்டு கூடங்கள், இடையே சுவர். அந்தச் சுவரை இடித்தது 1910இல்.