நடந்து பார்க்கும் புறக்கோட்டை

புறக்கோட்டை என்றதும் எங்கள் வீட்டில் நினைவுக்கு வருவது பெருநாள் உடுப்பும் சனநெரிசலும்தான். உம்மாவின் கையைப் பிடித்தபடி போய், வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். அந்த இடத்தைப் பார்ப்பதற்காகவே ஒருவர் கடல் கடந்து வருவார் என்று நான் எண்ணியதில்லை.

சென்ற விடுமுறையில் ஒரு நாள் சாச்சாவின் புடைவைக் கடையில் இருந்தேன். ஆறேழு வெளிநாட்டவர் ஒரு வழிகாட்டியின் பின்னால் நடந்து வந்தனர். அவர்களில் ஒரு பெண்மணி, பர்தா அணிந்திருந்த என்னைக் கண்டதும், "அந்தச் சிவப்புப் பள்ளிவாசலைக் கட்டியது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வழிகாட்டியான சிங்களச் சகோதரர்தான் பதில் சொன்னார். அன்று பட்ட வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இதனை நடைச் சுற்றுலா என்பர். பஸ்ஸில் போகிறவர்கள் கட்டடங்களைக் கண்டு படம் எடுத்துத் திரும்புவர். நடைச் சுற்றுலாவிலோ சிறு குழுவாகச் சந்தை, வணக்கத்தலம், தேநீர்க்கடை எனத் தெருத்தெருவாக நடந்து, அவ்வூர் மக்களின் அன்றாட வாழ்வைக் காண்பர்.

இதற்குப் புறக்கோட்டை மிகவும் பொருத்தமான இடம். கோட்டைக்குப் புறத்தே அமைந்ததால் இப்பெயர் வந்தது. ஆங்கிலேயர் சொல்லும் 'பெட்டா' நம் 'பேட்டை'யிலிருந்து பிறந்ததே. பிரதான வீதியின் முகப்பில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரம், ஒரு பார்சி குடும்பத்துப் பிள்ளைகள் தம் தந்தையின் நினைவாக 1923 இல் நகர மக்களுக்கு அளித்தது. செட்டியார் தெருவில் நகைக்கடைகளும் கோயில்களும் உள்ளன. சற்றுத் தொலைவில் 1757 இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயம் இருக்கிறது.

இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை, இந்திய முஸ்லிம் வர்த்தகர்களின் முயற்சியால் 1908 இல் கட்டத் தொடங்கினர். அதனை வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. மாதுளம்பழ வடிவக் குவிமாடங்களும் சிவப்பு, வெள்ளைக் கோடுகளும் அதன் சிறப்பு. பாதணிகளைக் கழற்றி, உடலை மறைத்து உடுத்து, தொழுகை நேரம் தவிர்ந்த வேளையில் செல்வதே விருந்தினருக்கு அழகு.

அன்று இன்னொன்றையும் கண்டேன். பாரவண்டி தள்ளிவந்த ஒரு நாட்டாமியை நோக்கி ஒருவர் கமராவைத் தூக்கினார். நாட்டாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வழிகாட்டி உடனே கமராவைத் தாழ்த்தச் சொல்லி, "முதலில் கேளுங்கள், அவர் வேலையில் இருக்கிறார்" என்றார். உழைப்பவரைக் காட்சிப்பொருளாக்காத இந்தப் பண்பு இல்லாவிட்டால், எத்தனை ஆண்டுகளை மனனம் செய்திருந்தாலும் ஒருவர் நல்ல வழிகாட்டியாக முடியாது.

பிறகு சாச்சாவிடமும் நூலகத்திலும் கேட்டறிந்தவற்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, தங்கச்சியை அதே தெருக்களில் அழைத்துச் சென்றேன். எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவளோ ஒரு பாரவண்டியைக் காட்டி, "இந்த மாமா எந்த ஊர், ராத்தா?" என்று கேட்டாள். என் கொப்பியில் அது இல்லை. இம்முறை வெட்கப்படாமல் அவரிடமே கேட்டேன்.

"ஹற்றன், மகள். வந்து இருபத்திரண்டு வருசம்" என்று சிரித்தார் அவர்.

வீடு திரும்பியதும் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.