கடை நம்முடையது, சந்தை எல்லோருடையது
(கைவினைக் கண்காட்சியில் கடை போடும் சகோதரிகள் கவனத்திற்கு)



மாசி மகத்தன்று எங்கள் முத்தியால்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்திருக்கிறீர்களா? பல ஊர் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். எள் போட்டால் கீழே விழாத கூட்டம். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் வளையல்காரம்மா, பொரிக்காரர், பலூன்காரர், குங்குமம் விற்பவர் என்று வரிசையாகக் கடை போட்டிருப்பார்கள். ஒருவர் துணி விரித்த இடத்தில் இன்னொருவர் கால் வைக்க மாட்டார். சில்லறை இல்லை என்றால் பக்கத்துக் கடையில் மாற்றிக் கொள்வார்கள். ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனால் அடுத்தவர் அந்தக் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். இதை யாரும் அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. திருவிழாவுக்குத் திருவிழா பார்த்துப் பழகி வந்தது.

நம் குழுப் பெண்களும் இப்போது நிறைய கண்காட்சிகளுக்குப் போகிறோம். மத்திய அரசு 1999-இல் சுயவேலைவாய்ப்புத் திட்டத்தைத் தொடங்கியபோதே, கிராமப் பெண்கள் செய்யும் பொருளை நகரத்தில் விற்க 'சரஸ்' மேளாக்களும் தொடங்கின. 2011-இல் அந்தத் திட்டம் ஊரக வாழ்வாதார இயக்கமாக மாறிய பிறகும் சரஸ் தொடர்கிறது. டெல்லியில் நவம்பர் மாதம் நடக்கும் பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சியில் அதற்குத் தனி இடம் உண்டு. அரியானாவில் சூரஜ்குண்ட் மேளா 1987 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் கல்லூரி வளாகங்களுக்குள்ளேயே கல்லூரிச் சந்தை போடுகிறார்கள். நம் புதுவையில் கடற்கரை காந்தி திடலில் அவ்வப்போது கடை போட வாய்ப்பு வருகிறது.

பொருள் செய்யப் பயிற்சி கிடைக்கிறது. கடன் கிடைக்கிறது. ஆனால் கடையில் எப்படி நடந்துகொள்வது, பக்கத்துக் கடைக்காரரிடம் எப்படி இருப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. நாங்கள் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அதை உங்களிடம் சொல்லவே இந்தக் கட்டுரை.

எங்கள் கணக்கு நோட்டு சொன்ன பாடம்

நாங்கள் துணிப்பை தைக்கும் குழு. ஒரு கண்காட்சிக்கு 90 பை எடுத்துப் போனோம். துணி, ஜிப், நூல், தையல் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு 125 ரூபாய் அடக்கம். 160 ரூபாய் என்று விலை எழுதி வைத்தோம். எல்லாம் விற்றால் 3,150 ரூபாய் லாபம். அந்த மாதக் கடன் தவணைக்கு அதைத்தான் நம்பியிருந்தோம்.

எங்கள் கடைக்கு எதிரிலேயே இன்னொரு ஊர் மகளிர் குழு. அவர்களும் துணிப்பை! முதல் நாள் 20 பை 160 ரூபாய்க்குப் போனது. இரண்டாம் நாள் அவர்கள் 150 என்று எழுதினார்கள். நாங்கள் 140 என்றோம். அவர்கள் 135 என்றார்கள். நாங்கள் 130-க்கு இறங்கினோம். "அங்கே வாங்காதீங்கம்மா, அது சாயம் போகும்" என்று எங்களில் ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அது எதிர்க்கடைக்கும் கேட்டுவிட்டது. அதன் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. 130-க்கு 30 பை போனது. மீதி 40 பையையும் கடைசி இரண்டு நாளில் 110-க்குத் தள்ளிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். 3,200-ம் 3,900-ம் 4,400-ம் சேர்த்து 11,500 ரூபாய். அடக்கம் 11,250. நான்கு நாள் வெயிலில் உட்கார்ந்த இரண்டு பேருக்குக் கிடைத்தது 250 ரூபாய்! டீ செலவுக்கே பத்தவில்லை. தவணையை உள்சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் கட்டினோம்.

கடைசி நாள் மூட்டை கட்டும்போது எதிர்க்கடை அம்மா தானாக வந்து கேட்டார். "ஏங்க்கா, உங்களுக்காவது ஏதாவது மிஞ்சிச்சா?" என்றார். "பஸ் சார்ஜ்தான் மிஞ்சிச்சு" என்றோம். "எங்களுக்கு அதுவும் இல்லக்கா" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நாங்கள் சண்டை போட்டதில் லாபம் அடைந்தது யார்? குறைந்த விலைக்கு மொத்தமாக வாங்கிப் போன ஒரு வியாபாரி. அவர் இரண்டு கடையிலும் வாங்கினார்.

அதன் பிறகு நாங்கள் குழுவில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்ட முறைகள் இவை.

போகும் முன்பு

1. அடக்க விலையை நோட்டில் எழுதுங்கள். நம் கூலியையும் அதில் சேர்க்க வேண்டும். வீட்டில் இருந்து செய்ததுதானே என்று கூலியை விட்டுவிட்டால் நஷ்டம் நம் கண்ணுக்கே தெரியாது. அதற்கு மேல், 'இதற்குக் கீழே தர மாட்டோம்' என்று ஒரு விலையைக் குழுவே முடிவு செய்ய வேண்டும். கடையில் உட்காருபவர் தனியாக முடிவு எடுக்கக் கூடாது.

2. நம் குழு பெயருக்கு ஒதுக்கிய கடையில் நாமே உட்கார வேண்டும். "உங்க கடையை எங்களுக்கு விடுங்க, வாடகை தர்றோம்" என்று வியாபாரிகள் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அந்த இடம் செய்பவருக்காகக் கொடுத்த இடம். இன்று நாம் விட்டுக்கொடுத்தால் நாளை அந்த வரிசை முழுவதும் மில் சாமான் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் கைவினை தேடி யார் வருவார்கள்?

3. ஊறுகாய், பொடி, அப்பளம் கொண்டுபோகும் குழுக்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், தயாரித்த தேதி, எவ்வளவு நாளைக்குள் பயன்படுத்த வேண்டும், எடை, விலை, குழு முகவரி எல்லாம் லேபிளில் ஒட்ட வேண்டும். எடை போட்டு விற்பவர்களின் தராசில் எடையளவுத் துறை முத்திரை இருக்க வேண்டும். தராசில் ஏமாற்றினால் ஒரு கடைக்குக் கெட்ட பெயர் வராது, 'குழுப் பொருள்' என்ற பெயருக்கே வரும்.

கடை விரிக்கும்போது

கொடுத்த இடம் எட்டடியோ பத்தடியோ, அதற்குள் விரியுங்கள். ஒரு கூடையை வெளியே வைத்தால் பக்கத்துக் கடையை மறைக்கும், நடப்பவர் காலில் தட்டும். நம் சாமானைப் பக்கத்துக் கடைத் தட்டியில் தொங்க விடுவது, அவர்கள் மேசைக்குக் கீழே மூட்டையைத் தள்ளுவது, பாட்டுப் பெட்டியைச் சத்தமாக வைப்பது இவையெல்லாம் வேண்டாம்.

சொன்ன நேரத்துக்குக் கடை திறந்திருக்க வேண்டும். கடைசி நாள் மத்தியானமே மூட்டை கட்டுவது பெரிய தப்பு. நடுவில் இரண்டு கடை காலியாக இருந்தால், மேளா முடிந்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் திரும்பிப் போய்விடுவார்கள். கடைசி வரை இருப்பவர் வியாபாரமும் கெடும்.

பொருள் எல்லாவற்றிலும் விலைச் சீட்டு ஒட்டுங்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டே பலர் போய்விடுகிறார்கள்.

வாங்க வருபவரிடம்

"வாங்க, பாருங்க" என்று ஒரு முறை சொன்னால் போதும். கையைப் பிடித்து இழுப்பது, பக்கத்துக் கடையில் பார்த்துக்கொண்டிருப்பவரை "இங்க வாங்க" என்று கூப்பிடுவது கூடவே கூடாது. அவர் அங்கே பார்த்து முடித்து நகர்ந்த பிறகுதான் நம் முறை.

கடையில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். ஒருவர் சாப்பிடப் போனால் இன்னொருவர் கடையில் இருங்கள். ஆள் வரும்போது செல்போனில் பேசிக்கொண்டே தலையாட்டினால், வந்தவர் அடுத்த கடைக்குப் போவார். பார்த்துவிட்டு வாங்காமல் போனால் முகம் சுளிக்காதீர்கள். ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்து வாங்குபவர்கள் உண்டு. நம் முகத்தைப் பார்த்துத்தான் திரும்பி வருவார்கள்.

பேரம் பேசினால் கோபப்பட வேண்டாம். நாங்கள் சொல்வது இதுதான்: "இதை ஒருத்தர் தைக்க அரை நாள் ஆகுதும்மா. எழுதியிருக்கிறதுதான் விலை. ரெண்டா எடுத்தீங்கன்னா கொஞ்சம் குறைச்சுத் தரோம்." பாதிப் பேர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள்.

உண்மையைச் சொல்லி விற்க வேண்டும். "முதல் தண்ணியில கொஞ்சம் சாயம் போகும், தனியா துவைங்க" என்று நாமே சொல்லிவிட்டால், வீட்டில் சாயம் போகும்போது நம்மைத் திட்ட மாட்டார்கள். மண்பாண்டம் விற்பவர்கள் இது அடுப்பில் வைப்பதா, அழகுக்கு வைப்பதா என்று சொல்ல வேண்டும். குறை என்று திருப்பிக் கொண்டுவந்தால் வாதாடாமல் மாற்றிக் கொடுங்கள்.

புதுவையில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள். "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லுங்கள், "மெர்சி" என்று நன்றி சொல்லுங்கள். இந்த இரண்டு வார்த்தை தெரிந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். ஆனால் வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, நம்மவருக்கு ஒரு விலை என்று வைக்காதீர்கள்.

பணம் வாங்கும்போது, போனில் ஸ்கேன் செய்து அனுப்புபவர் திரையைக் காட்டியதும் விட்டுவிடாதீர்கள். "ஒரு நிமிஷம் இருங்க, மெசேஜ் வரட்டும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ஸ்கேன் அட்டை குழுக் கணக்குக்கே இருக்கட்டும். ஒருவர் சொந்தக் கணக்கில் பணம் வந்தால், பின்னால் குழுவுக்குள் மனத்தாங்கல்தான் வரும்.

பிளாஸ்டிக் பை கொடுக்காதீர்கள். மெல்லிய பைக்கு நாடு முழுக்கத் தடை இருக்கிறது. செய்தித்தாள் பையோ துணிப்பையோ கொடுங்கள். அதைத் தைப்பதும் நம் குழுக்களுக்கு ஒரு வேலைதான்!

பக்கத்துக் கடைக்காரரிடம்

போனதும் முதல் வேலை, இரண்டு பக்கமும் எதிரிலும் இருப்பவர்களிடம் போய் பேர் சொல்லிப் பழகுவது. ஒரே பொருள் இருந்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுங்கள். எங்களை அழ வைத்த எதிர்க்கடை அம்மாவும் நாங்களும் அடுத்த கண்காட்சிக்கு முன்பே பேசிக்கொண்டோம். காய்கறிப் பையும் பெரிய பையும் அவர்கள் தைப்பது, பர்ஸும் சாப்பாட்டுப் பையும் நாங்கள் தைப்பது என்று பிரித்துக்கொண்டோம். "பெரிய பை இருக்கா?" என்று கேட்பவரை அங்கே அனுப்புகிறோம். அவர்கள் பர்ஸ் கேட்பவரை இங்கே அனுப்புகிறார்கள். இப்போது விலையைக் குறைக்கவேண்டிய அவசியமே வரவில்லை.

பக்கத்துக் கடைப் பொருளைக் குறை சொல்லாதீர்கள். அவர்களுக்கு முதல் போணி ஆகாமல் இருக்கும்போது உங்களிடம் சில்லறை கேட்டால் முகம் திருப்பாதீர்கள். கடைசி நாள் திடீரென்று பாதி விலை என்று எழுதுவதாக இருந்தால், அதே பொருள் விற்பவரிடம் முன்பே சொல்லுங்கள். காலையில் முழு விலை கொடுத்து வாங்கியவரும் வருத்தப்படுவார் என்பதை நினையுங்கள்.

அடுத்தவர் கைவேலை

பக்கத்துக் கடை டிசைன் நன்றாக இருக்கிறது என்று போட்டோ எடுத்து வந்து அப்படியே செய்வது திருட்டுதான். கற்றுக்கொள்ள ஆசையா? கேளுங்கள், பலர் சொல்லித் தருவார்கள். நம் பகுதியிலேயே வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரில் வேறு இடத்துப் பொருளை விற்பது சட்டப்படியும் தவறு. தலைமுறையாக மண்ணில் கை வைத்தவர்களின் சோறு அது.

முத்தியால்பேட்டை தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பேட்டை. ஒரு காலத்தில் புதுவையிலிருந்து நீலம் தோய்த்த துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. முகம் தெரியாதவர் அங்கே பணம் கொடுத்து வாங்கினார் என்றால், துணியின் பெயர் மீது வைத்த நம்பிக்கைதான் காரணம். நம் குழுப் பொருளுக்கும் அந்த நம்பிக்கைதான் மூலதனம். சுழல்நிதி போனால் திரும்ப வாங்கலாம். பெயர் போனால் எந்த வங்கியும் தராது.

மூட்டை கட்டும்போது

இடத்தைப் பெருக்கிக் குப்பையை எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்பாடு செய்தவர்களிடமும் பக்கத்துக் கடைக்காரர்களிடமும் சொல்லிக்கொண்டு வாருங்கள். திரும்பி வந்த வாரமே கூட்டத்தில் கணக்கை வையுங்கள். எவ்வளவு விற்றது, எது விற்கவில்லை, வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்று எல்லா உறுப்பினருக்கும் தெரிய வேண்டும். ஊக்குநரும் பிரதிநிதியும் மட்டுமே ஒவ்வொரு முறையும் போகாமல், அடுத்த முறை புதியவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள்.

சகோதரிகளே, இந்த மாதக் கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். உங்கள் குழுவுக்கு எந்த முறை பொருந்தும் என்று பேசித் தீர்மானம் எழுதுங்கள். அடுத்த கண்காட்சியில் எங்கள் பக்கத்துக் கடை உங்களுடையதாக இருக்கலாம். வந்ததும் ஒரு வார்த்தை பேசுங்கள். சில்லறை வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறோம்!