அண்ணன் - தம்பி சொத்துத் தகராறு: கொலை செய்தவருக்குப் பங்கு கிடைக்குமா? சட்டம் சொல்வது என்ன?

க்ரைம் சீரிஸ் பார்ப்பவர்களுக்கு இந்த எபிசோடு பழக்கமானதுதான். அப்பா இறந்துபோகிறார். அண்ணனும் தம்பியும் சொத்துக்காக முட்டிக்கொள்கிறார்கள். சில நிமிடங்களில் ஒருவர் பிணமாகக் கிடக்கிறார். ‘இதனால யாருக்கு லாபம்?’ என்று இன்ஸ்பெக்டர் கேட்க, உயிரோடு இருக்கும் சகோதரர் மீது எல்லோருடைய பார்வையும் திரும்புகிறது. சினிமாவிலும் இது புதிதல்ல. 2018-ல் வந்த மணிரத்னத்தின் ‘செக்கச்சிவந்த வானம்’ அப்பாவின் இடத்துக்காக மூன்று மகன்கள் மோதும் கதைதான்.

இந்தக் கதைகள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. சொத்துக்காகக் கொலை செய்தால், அந்தச் சொத்து கொலையாளிக்குக் கிடைக்காது.

முதலில், யாருக்கு எவ்வளவு?

விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். பக்கத்திலேயே நெய்வேலிக் களிமண், ஊரில் செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் படிப்புக்கென்றே ஒரு கல்வி நிறுவனம் என்று பீங்கானோடு சேர்த்தே பேசப்படும் ஊர் அது. அங்கே சிறிய பீங்கான் யூனிட் நடத்திவந்த ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள் (முழுக்கக் கற்பனை உதாரணம்). மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். யூனிட்டும் வீடும் அவரே சம்பாதித்தவை, அதாவது சுயார்ஜிதம்.

‘ஆளுக்குப் பாதி’ என்று அண்ணனும் தம்பியும் கணக்குப் போட்டால் அது தப்பு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி மனைவி, மகன், மகள் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு 25% வரும். இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. அப்போது ஆளுக்கு 20%.

பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை இருக்கிறது. அந்தத் தேதியில் திருமணம் ஆகாத மகள்களுக்கு 25.3.1989 முதலே தமிழ்நாடு இந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. 9.9.2005-ல் நாடு முழுவதும், திருமணமான மகள்களுக்கும் சேர்த்து இது வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால், 20.12.2004-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ முடிந்துபோன பாகப்பிரிவினைகளை இது மாற்றாது.

ஆக, ‘அண்ணன் - தம்பி தகராறு’ என்று நாம் சொல்லும் பல வழக்குகளில் அம்மாவும் அக்கா தங்கைகளும் பங்குதாரர்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் போடப்படும் பாகப்பிரிவினைப் பத்திரம் அவர்களைக் கட்டுப்படுத்தாது.

அண்ணன் தம்பியைக் கொன்றால்?

நம் உதாரணத்தில் அப்பாவின் சொத்து நான்காகப் பிரிந்துவிட்டது. இனி தம்பி இறந்தால் அவருடைய 25% யாருக்குப் போகும்? அவருக்கு மனைவி, பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அம்மாவுக்கும். கல்யாணம் ஆகாதவர் என்றால் அம்மாவுக்கு மட்டும். உடன்பிறந்தவர்கள் இரண்டாம் வகுப்பு வாரிசுகள். முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவர்களுக்கு எதுவும் வராது. சீரிஸில் காட்டும் அந்த ‘லாபம்’ இங்கேயே அடிபட்டுப்போகிறது.

அதையும் தாண்டி ஒரு கதவு இருக்கிறது. சட்டத்தின் 25-வது பிரிவின்படி, கொலை செய்தவரும் கொலைக்குத் துணைபோனவரும் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. அந்த வாரிசுரிமையை அடையும் நோக்கத்தில் கொலை செய்திருந்தால், அது தொடர்பான வேறு சொத்தும் கிடைக்காது. 27-வது பிரிவு, அவர் முன்பே இறந்துவிட்டதாகக் கருதச் சொல்கிறது. ஆனால், ஏற்கெனவே அவர் பெயருக்கு வந்துவிட்ட சொந்தப் பங்கை இந்தப் பிரிவுகள் பறிக்காது.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 1924-ல் பிரிவி கவுன்சில் இதே கொள்கையை இந்துக்களின் வழக்கு ஒன்றில் ஏற்றுக்கொண்டது.

மனைவி பெயரில் வாங்கிக்கொள்ளலாமா?

முடியாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. தந்தையைக் கொன்ற மகனுக்குச் சொத்து இல்லையென்றால், அவருடைய மனைவி என்ற முறையில் எனக்குக் கொடுங்கள் என்று ஒரு பெண் கேட்டார். கணவருக்கே இல்லாத உரிமை அவர் வழியாக மனைவிக்கு வராது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சூளையை எப்படிப் பாதியாக வெட்டுவது?

நிலத்தை அளந்து பிரிக்கலாம். ஒரே சூளை, ஒரே மின் இணைப்பு உள்ள யூனிட்டைப் பிரிக்க முடியாது. இதற்கும் வழி இருக்கிறது.

- ஒரு வாரிசு தன் பங்கை விற்க நினைத்தால், மற்ற வாரிசுகளுக்கு அதை வாங்கும் முன்னுரிமை உண்டு (22-வது பிரிவு). தொழிலுக்கும் இது பொருந்தும். விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.
- பிரிக்கவே முடியாத சொத்து என்றால், பாதிக்குக் குறையாத பங்கு வைத்திருப்பவர்கள் கேட்கும்போது, விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். இது பாகப்பிரிவினைச் சட்டம் 1893. மற்ற பங்குதாரர் மதிப்பீட்டு விலையில் வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம்.

பேசி முடித்தால் போதாதா?

பேசி முடிப்பது நல்லது. ஆனால், அதைச் சரியாக எழுத வேண்டும். திருபாய் அம்பானி 2002-ல் உயில் இல்லாமல் இறந்தார். முகேஷ், அனில் இருவருக்கும் இடையில் தாய் கோகிலாபென் 2005-ல் சமரசம் செய்துவைத்தார். ஆனாலும் எரிவாயு விலை விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. குடும்பத்துக்குள் போட்ட ஒப்பந்தம் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று 2010-ல் தீர்ப்பு வந்தது. அவ்வளவு பெரிய குடும்பத்துக்கே அந்த நிலை என்றால், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதை நம்பி நாம் இருக்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது

1. வாரிசுச் சான்று வாங்குங்கள். அம்மா, சகோதரிகள் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.
2. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.
3. பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ, எதுவானாலும் பதிவு செய்யுங்கள். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று நீட்டினால், முழுதாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.
4. ஒத்துவரவில்லை என்றால் லோக் அதாலத் இருக்கிறது. அங்கே சமரசமானால் அதுவே இறுதி, மேல்முறையீடு கிடையாது. வழக்குக்குக் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.
5. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

மேலே சொன்ன வாரிசுரிமை விதிகள் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கானவை. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் தனித்தனி வாரிசுரிமை விதிகள் உள்ளன. எந்தக் குடும்பமாக இருந்தாலும், அப்பா அம்மா இருக்கும்போதே உயில் பற்றிப் பேசிவிடுவது நல்லது. அந்தப் பேச்சை எடுப்பது சங்கடம்தான். பதினைந்து வருடம் கோர்ட்டுக்கு அலைவதைவிட அந்த ஒரு நாள் சங்கடம் எவ்வளவோ மேல்.