பாடம் செய்கிறவர் வாசலில்

செத்த விலங்கைப் பாடம் செய்து தரும் கடைக்கு ஆள் வரவழைப்பது எப்படி? லண்டனில் ரோலண்ட் வார்டு என்பவர் 1880-லேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பிக்காடிலித் தெருவில் அவருக்குக் கடை. ‘காடு’ என்பது அந்தக் கடைக்கு விழுந்த பெயர். அந்த ஆண்டு அவர் வேட்டைக்காரர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டார். சுட்ட விலங்கை எங்கே கீறுவது, தோலை எப்படி உரிப்பது, அழுகாமல் உப்பிட்டு உலர்த்துவது எப்படி, கப்பலில் எப்படிக் கட்டி அனுப்புவது என்று எல்லாம் அதில் இருந்தது. பார்வைக்கு இலவச ஆலோசனை மாதிரி. ஆனால் கென்யாவிலோ அசாமிலோ கூடாரத்து விளக்கொளியில் அந்தப் பக்கங்களைப் புரட்டியவர், உப்பிட்ட தோலை வேறு யார் முகவரிக்கு அனுப்பப் போகிறார்?

அடுத்து அவர் செய்தது அதைவிடக் கெட்டிக்காரத்தனம். 1892-ல் உலகத்துப் பெருவிலங்குகளின் கொம்பு நீளங்களையும் எடைகளையும் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அந்த விலங்கை வைத்திருந்தவரின் பெயர். தன் பெயர் அச்சில் வர வேண்டும், அடுத்த பதிப்பில் இன்னும் இரண்டு வரி மேலே ஏற வேண்டும் என்ற ஆசை ஒருவருக்குப் பிடித்துவிட்டால், அவர் இனி வார்டின் ஆள். எல்லோரும் காசு கொடுத்து விளம்பரம் செய்வார்கள். வார்டு விளம்பரத்தையே வாடிக்கையாளர் தலையில் கட்டிக் காசு பார்த்தார். அந்தப் புத்தகம் பதிப்பு மேல் பதிப்பாக இன்றும் வந்துகொண்டிருக்கிறது. யானைக்காலைக் குடைத்தாங்கியாக்கி விற்றதும் இதே கடைதான். அதை ரசனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வியாபாரம் என்று ஒப்புக்கொள்ளலாம்.

இந்தியாவில் இதற்கு நிகரான பெயர் நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. நீலகிரியிலிருந்து கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியாக இறங்கினால் மைசூர். அங்கே 1900 வாக்கில் யூஜின் வான் இங்கன் தொடங்கிய ‘வான் இங்கன் அண்ட் வான் இங்கன்’ 1999 வரை நடந்தது. மகன்கள் போத்தா, டி வெட், ஜூபேர். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்ட போயர் தளபதிகளின் பெயர்கள். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டே ஆங்கிலேய அதிகாரிகளின் புலிகளை எல்லாம் அவர்கள் பாடம் செய்து கொடுத்தார்கள். நூறாண்டில் அங்கே வந்துபோன புலி, சிறுத்தைகளின் எண்ணிக்கை 43,000-க்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தொழில் உச்சத்தில் இருந்தபோது ஆண்டுக்கு 400 புலிகள்.

இவ்வளவு தோல் எப்படி ஒரே வாசலுக்கு வந்தது? முதல் காரணம் வேலைத்தரம். வைக்கோலையும் பஞ்சையும் திணித்துத் தைக்கிற பழைய முறையில் சில வருடங்களில் தோல் சுருங்கித் தையல் விட்டுப்போகும்; புலி பூசணிக்காய் மாதிரி உப்பி நிற்கும். வான் இங்கன் பட்டறையில் அளவுவாரியாக அச்சுகள் வைத்திருந்தார்கள். அந்த அச்சில் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி உடம்பைச் செய்து, அதன்மேல் பதனிட்ட தோலைப் போர்த்தினார்கள். எடை குறைவு, வடிவம் குலையாது, பம்பாய்த் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பினாலும் உடையாது. உறுமும் வாயும், சுருக்கி ஏறிய மூக்கும் அவர்கள் கைவண்ணத்தின் அடையாளமாகிவிட்டன. வாயை மூடிச் சாந்தமாக இருக்கும் புலியைச் சுவரில் மாட்டினால் சுட்டவரின் வீரம் பாதியாகக் குறைந்துவிடும் அல்லவா?

இரண்டாவது காரணம் சுவர். உதகை கிளப் போன்ற இடங்களில், ஆனைமலைத் தோட்டத்துரைகளின் பங்களாக்களில், சமஸ்தான அரண்மனைகளின் கூடங்களில் தொங்கிய ஒவ்வொரு தலையும் அந்தப் பட்டறையின் சம்பளம் வாங்காத விற்பனையாளர். மாலையில் கையில் கோப்பையோடு அண்ணாந்து பார்க்கும் புது அதிகாரி, “இதை எங்கே செய்தீர்கள்?” என்றுதான் கேட்பார். மைசூர் மகாராஜாவின் விருந்தாளிகளுக்குக் காடும் பட்டறையும் ஒரே பயணத்தில் கிடைத்தன. வேட்டைப் பொருளைக் கெடாமல் அனுப்புவது பற்றி வான் இங்கன்களும் கையேடு அச்சிட்டுக் கொடுத்தார்கள். வார்டின் பாடம் கடல் தாண்டி வந்திருந்தது.

அன்றைக்குக் கடைக்காரர் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. அவரையும் யாரும் சந்தேகப்படவில்லை. தோல் வந்தால் எண் போடு, பெயர் எழுது, வேலையைத் தொடங்கு. எங்கே சுட்டார், எதற்குச் சுட்டார் என்பது வாடிக்கையாளரே கதை கதையாகச் சொல்ல விரும்பும் விஷயம்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புலி வேட்டைக்கு அடியோடு தடை. பாடம் செய்கிற தொழிலுக்கே அரசின் உரிமம் வேண்டும் என்றாயிற்று. மைசூர்ப் பட்டறை உடனே மூடவில்லை. மிச்சம் மீதி வேலைகளோடு இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இழுத்துப் பிடித்து நின்றது. சகோதரர்களில் கடைசியாக இருந்த ஜூபேர் 2013-ல் 101-வது வயதில் காலமானார்.

சட்டம் வேட்டையை மட்டும் நிறுத்தவில்லை, சுவர் விளம்பரத்தையும் நிறுத்தியது. வீட்டில் பழைய புலித்தலை இருந்தால் வனத்துறையிடம் அறிவித்து உரிமைச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். விற்க முடியாது, வாரிசுக்குப் போகலாம், அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரர் இன்று விருந்தினரிடம் முதலில் சொல்வது வேட்டைக் கதை அல்ல. “தாத்தா காலத்துது சார், சர்ட்டிபிகேட் இருக்கு.”

பிரிட்டனின் ஏலக்கூடங்களிலும் இதே கதைதான். அழிவின் விளிம்பில் உள்ள விலங்கின் பழைய உருவை அங்கே தனி அனுமதி இல்லாமல் விற்க வேண்டுமானால், அது 1947 மார்ச் 3-க்கு முன் பாடம் செய்யப்பட்டு ஒருவர் கைக்கு வந்தது என்று காட்ட வேண்டும். மைசூரில் கணக்குப் பிள்ளை சௌகரியத்துக்காகப் போட்ட எண்ணும் முத்திரையும் இப்போது விலையைத் தீர்மானிக்கிற சாட்சிகளாகிவிட்டன.

இன்று இந்தத் தொழில் சிறு அளவில் உயிரோடு இருப்பது பெரும்பாலும் அமெரிக்காவின் சிற்றூர்களில். வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மேசை, இரண்டு பெரிய பிரீசர், வெளியே மரப்பலகை. இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக் காலம் திறந்ததும் வேலை கொட்டும். அந்தச் சில வாரங்களில் வந்த தலைகளைத்தான் வருடம் முழுக்கச் செய்துகொண்டிருப்பார்கள். கைத்தொழில் ரகசியம் என்று இப்போது பெரிதாக ஒன்றுமில்லை. மூக்கிலிருந்து கண் வரை இவ்வளவு, கழுத்துச் சுற்றளவு இவ்வளவு என்று சொன்னால் பாலியூரித்தேன் நுரையில் வார்த்த தலை வடிவம் பார்சலில் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் தொடங்கலாம், தொடங்கவும் செய்கிறார்கள். 1982-ல் அந்த நாட்டில் வேட்டை உரிமம் வாங்கியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பேர். இப்போது மக்கள்தொகை பத்துக் கோடி கூடியிருக்கிறது. உரிமம் வாங்குவோர் ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் பேர்தான். ஆக, கடைக்குப் புதிதாக ஒரு வாடிக்கையாளர் வர வேண்டுமென்றால் பக்கத்துக் கடைக்குப் போகிறவரைத்தான் திருப்ப வேண்டும்.

திருப்புவது எதைக் கொண்டு? பாடம் செய்யும் போட்டிகளில் வாங்கிய பரிசு நாடாக்களைச் சுவர் நிறைய மாட்டிவைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நடுவர் டார்ச் அடித்துப் பார்க்கும் மூக்குத்துளையின் உட்புறத்தை எந்த வேட்டைக்காரர் பார்க்கப் போகிறார்? அவர் பார்ப்பது கண்ணையும் காதையும். கண்ணிமை சரியாக உட்காராவிட்டால் மான் திடுக்கிட்டது போல விழிக்கும். சாதாரண மனிதருக்கும் அது உறுத்தும். அதைவிட முக்கியம், சொன்ன தேதி. தோல் பதனிட ஆலைக்குப் போய்த் திரும்பவே பல மாதங்கள் ஆகும். ஒரு வருடம் என்று சொல்லிவிட்டு ஒரு வருடத்தில் கொடுப்பவரை ஊரே தேடி வரும். ஆறு மாதம் என்று ஆசை காட்டி, ஒன்றரை வருடம் இழுத்து, போனையும் எடுக்காதவரிடமிருந்துதான் பக்கத்துக் கடைக்குப் புது வாடிக்கை வருகிறது. நம் ஊர் தையற்கடைகளின் தீபாவளிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆள் நிற்கிற இடத்தில் போய் நிற்பது இன்னொரு வழி. மானைச் சுட்டவர் முதலில் போவது இறைச்சி வெட்டித் தரும் கடைக்கு. அங்கே சொல்லி வைத்தால் போதும், தலை தானாக வரும். மான்களின் மூளையை அரிக்கும் ஒரு தொற்றுநோய், 1967-ல் கொலராடோவில் முதலில் தெரியவந்தது, இப்போது பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. அதனால் முழுத்தலையை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகப் பல இடங்களில் தடை. தோலை உரித்து, மண்டையோட்டைச் சுத்தம் செய்துதான் எடுத்துப் போகலாம். சில மாநிலங்களில் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துக் கொடுக்கும் வேலையில் பாடம் செய்பவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். “இந்த இறைச்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்க வருகிறவர், போகும்போது சுவரில் உள்ள தலைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார். வார்டுக்கு இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால் அதற்கும் ஒரு புத்தகம் போட்டிருப்பார்.

காட்டு வாத்து கொண்டுவந்தால் வேறு கெடுபிடி. வலசைப் பறவைகளுக்கு 1918 முதல் கூட்டரசுச் சட்டம் உண்டு. அவற்றைப் பாடம் செய்யத் தனி அனுமதி வேண்டும். ஒவ்வொரு பறவையின் காலிலும் சுட்டவர் பெயர், முகவரி, கையொப்பம், தேதியோடு சீட்டு தொங்க வேண்டும். சீட்டில்லாத பறவையைத் தெரிந்தவராயிற்றே என்று வாங்கி பிரீசரில் வைத்தால், அதிகாரி வரும் நாளில் மாட்டிக்கொள்வது கடைக்காரர். அன்று தோலோடு கதை வந்தது, இன்று காகிதம் வர வேண்டும்.

இளைஞர்களுக்கு முழுத் தலைக்குப் பல நூறு டாலர் கொடுக்க மனமில்லை. அவர்களுக்காக வெறும் மண்டையோடும் கொம்பும். இறைச்சியைத் தின்னும் ஒரு வகை வண்டுகளைப் பெட்டியில் வளர்த்து, மண்டையோட்டை அவற்றிடம் விட்டுவிடுகிறார்கள். சில நாளில் துளி சதையில்லாமல் சுத்தமாகிவிடும். தூண்டிலில் மீன் பிடிப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். பிடித்த மீனைப் படமெடுத்து, நீளமும் சுற்றளவும் குறித்துக்கொண்டு ஆற்றிலேயே திருப்பி விட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் கண்ணாடியிழையில் அதே அளவில் வார்த்து, படத்தைப் பார்த்து வண்ணம் தீட்டிக் கொடுக்கிறார். மீன் ஆற்றில், மீனின் தலையெழுத்து சுவரில்!

பாரிஸில் 1831-ல் தொடங்கிய டெய்ரோல் கடை வேறு திசையில் போயிற்று. 2008 பிப்ரவரியில் தீப்பிடித்துச் சேகரிப்பில் பெரும்பகுதி சாம்பலான பிறகும் மீண்டு வந்தது. விலங்குக்காட்சிச் சாலைகளில் இயற்கையாக இறந்தவற்றைத்தான் பாடம் செய்கிறோம் என்று சொல்கிறது. சினிமாவுக்கும் விருந்துகளுக்கும் சிங்கத்தை வாடகைக்கு விடுகிறது. லண்டன், நியூயார்க் பக்கம் சனிக்கிழமை வகுப்புகள் நடக்கின்றன. வேட்டை வாடையே படாத நகரத்துப் பெண்கள் கட்டணம் கட்டி வந்து ஒரு எலியைத் தாங்களே பாடம் செய்து எடுத்துப்போகிறார்கள்.

ஆனால் உண்மையில் புதிதாகக் கதவைத் தட்டுகிறவர்கள் நாயையோ பூனையையோ இழந்தவர்கள். இந்த வேலையைப் பல கைதேர்ந்தவர்கள் ஒரேயடியாக மறுத்துவிடுகிறார்கள். எனக்கு அவர்கள் கட்சிதான் சரியென்று படுகிறது. மானின் முகம் யாருக்குத் தெரியும்? நல்ல மான் முகமாக இருந்தால் போதும். பதினான்கு வருடம் மடியில் கிடந்த நாயின் முகம் அப்படியல்ல; ஒரு காது எப்போதும் சற்றே மடங்கியிருக்கும், கூப்பிட்டால் தலையை ஒரு பக்கம் சாய்க்கும். அந்தச் சாய்வு ஒரு கோடு தப்பினாலும் அது வேறு நாய். உறையவைத்து ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் முறையில் உண்மையான முகமே ஓரளவு நிற்கும். ஆனால் பல மாதங்கள் பிடிக்கும். அதற்குள் துக்கம் ஆறி, வீட்டுக்குப் புது நாய்க்குட்டியும் வந்திருக்கலாம். அனுபவப்பட்டவர்கள் முழுப் பணத்தையும் முன்னதாகவே வாங்கிக்கொள்வதற்குக் காரணம் பேராசை அல்ல.

இப்படி வருகிறவரிடம் அழகான மாதிரிப் படங்களைக் காட்டி ஒன்றும் ஆகாது. போனில் அழுகிறவரிடம், “உடனே துணியில் சுற்றி பிரீசரில் வைங்கம்மா, முடிவை நிதானமாக எடுக்கலாம்” என்று சொல்லத் தெரிந்தவரிடம்தான் வருகிறார்கள். கால்நடை மருத்துவர் கை காட்டும் கடையும் அதுதான்.

இந்தியாவில் இந்தப் பக்கம் வெகு சிறியது. மும்பை போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் 2009-ல் ஒரு பாடம் செய்யும் மையம் தொடங்கியது; அதை நடத்தியவர் மும்பை கால்நடைக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்த சந்தோஷ் கெய்க்வாட். விலங்குக்காட்சிச் சாலைகளிலும் காட்டிலும் இறந்த புலி, சிங்கங்களை அருங்காட்சியகத்துக்காகவும் கல்விக்காகவும் அவர் பாடம் செய்தார். வீட்டு நாய்களும் வளர்ப்புப் பறவைகளும் அவரிடம் வந்தன. தனியாக ஒருவர் இங்கே கடை வைத்தால் அவர் கையில் மிஞ்சுவது இந்த வளர்ப்புப் பிராணிகள் மட்டுமே. அதிலும் பாதி அழைப்புகளுக்கு ‘முடியாது’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். வெளிநாட்டு வளர்ப்புக் கிளி என்றால் மேற்கொண்டு பேசலாம். கூண்டில் வளர்த்த பச்சைக்கிளி என்றால், அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவை. அதைக் கூண்டில் வைத்திருந்ததே குற்றம் என்று துக்கத்தில் இருப்பவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் செத்துக் கிடந்த மயிலை யாராவது பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாலோ, பையைத் திறக்கவே விடாமல் வனத்துறை அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்ப வேண்டும்.