வெறும் தாள்தான் வெயில்

என் மேசைமேல் ஒரு படம் இருக்கிறது. திருமயம் பக்கத்து ஓட்டு வீடு. பேனாவால் கறுப்பு மையில் வரைந்தது. ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. குறுகலான திண்ணை, சாத்திய கதவு, கீழே ‘தெற்கு வாசல்’ என்று இரண்டு சொல். வீட்டுக்குப் பின்னால், 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை ஒரே மெல்லிய கோட்டில். அது தொலைவில் இருக்கிறது என்று சொல்ல அந்த மெலிவே போதும்.

இதைக் கோட்டோவியம் என்பார்கள். வண்ணம் கிடையாது, சாம்பல் நிறம்கூடக் கிடையாது. கோடுகளை நெருக்கிப் போட்டால் கண் அதை இருட்டாக எடுத்துக்கொள்ளும். தள்ளிப் போட்டால் இளநிழல். மேலே குறுக்காக இன்னொரு வரிசை ஓடினால் கும்மிருட்டு. சுண்ணாம்புச் சுவரில் வெயில் விழும் இடத்தைப் பேனா தொடுவதே இல்லை. வெறும் தாள்தான் வெயில். மதுரையை இப்படி வரைந்த மனோகர் தேவதாஸ், பார்வை சுருங்கிக்கொண்டே போன காலத்திலும் பேனாவை விடவில்லை.

கூரையைக் கிட்டே பாருங்கள். நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் குழாய்போல வனைந்து, முழுதும் காயுமுன் நெடுக்கே இரண்டாகப் பிளந்து சுட்டது. ஒன்றை மல்லாத்தி, அடுத்ததைக் கவிழ்த்து அடுக்குவார்கள். மல்லாந்த ஓட்டில் மழைநீர் ஓடும். கவிழ்ந்தது இடைவெளியை மூடும். கைவேலை என்பதால் ஓர் ஓடுபோல இன்னொன்று இராது. அளவுகோல் வைத்து இழுத்தால் தகரக் கொட்டகை ஆகிவிடும். இங்கே லேசாக நடுங்கும் கோடுதான் சரியான கோடு.

நான் அதிக நேரம் பார்ப்பது இறவாணத்தின், அதாவது கூரை விளிம்பின், நிழலைத்தான். திருமயம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மத்தியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பிறகு ஆகஸ்ட் கடைசிவரை வடக்கே தள்ளி நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு பார்த்த சுவருக்கு உச்சிவெயில் கிடையாது. மார்கழியிலோ சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். இறவாணம் இரண்டடி நீண்டிருந்தால் நிழல் மூன்றடி இறங்கி நிற்கும். அதற்குக் கீழே சுவரிலும் திண்ணையிலும் வெயில்.

இந்தப் படத்தில் நிழல் கதவின் பாதியில் நிற்கிறது. திண்ணை விளிம்பு வெறும் தாள். மார்கழி நண்பகல். சம்பா கதிர் முற்றும் நாள்கள். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வயலுக்குப் போயிருக்கிறார்கள்.