ஒன்பது முடிச்சுகள்

1980-களில் கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்கு நரம்பு மண்டலம் என்றதும் நினைவுக்கு வருவது மெழுகுத் தட்டும் கரப்பான் பூச்சியும்தான். குளோரோஃபாரத்தில் அடங்கிய பூச்சியைக் குப்புறக் கிடத்தி, இறக்கைகளை வெட்டி, ஓரங்களில் குண்டூசி குத்தி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவோம். முதுகுத் தகடுகளை எடுத்துவிட்டுக் குடலை ஒதுக்கினால், எங்கு பார்த்தாலும் வெள்ளைக் கொழுப்பு. தூரிகையால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். அடியில் கிடக்கும் நரம்பு வடமும் வெள்ளைதான். வெள்ளிபோல் மின்னுவது மூச்சுக்குழல், மங்கலாக இரட்டை நூலாய் ஓடுவது நரம்பு என்று கண் பழகவே சில வாரங்கள் ஆகும். மார்பில் மூன்று நரம்பு முடிச்சு, வயிற்றில் ஆறு. அவற்றின் அடியில் கறுப்புத் தாளைச் செருகிய பிறகே ஆசிரியரைக் கூப்பிடுவோம். ஒரு முடிச்சு அறுந்திருந்தாலும் மதிப்பெண் போய்விடும்.

2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு இதுபோன்ற விலங்கு அறுவைகளை நிறுத்தச் சொன்னது. நல்ல முடிவு. வாரந்தோறும் தட்டுகளில் கிடந்த தவளைகளை நினைத்தால், இன்னும் முன்னதாகவே வந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. இப்போது கல்லூரியில் படிக்கும் என் மகள் அதே பூச்சியைத் திரையில் திறக்கிறாள். ஒருமுறை தொட்டால் குடல் மறைகிறது. நரம்பு வடம் மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று நிற்கிறது. அந்தப் பூச்சிக்குக் கொழுப்பே இல்லை. தேடித் துழாவி, இதுவா அதுவா என்று மூச்சடக்கிப் பார்த்த அந்த அரைமணி நேரமும் இல்லை.

நரம்பைக் கண்ணால் தேடும் வேலை ஆய்வுக்கூடங்களிலும் இப்படித்தான் மாறியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற புழுவுக்கு 302 நரம்பு செல்கள். கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரின் குழுவினர் அதை நுண்ணிய சீவல்களாக அரிந்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். தாள் தாளாக வண்ண மையால் குறியிட்டு, ஒவ்வொரு இழையும் எங்கே போகிறது என்று கையாலேயே தொடர்ந்தார்கள். பத்தாண்டுக்கு மேல் உழைத்து, 1986-இல் அந்த வரைபடத்தை வெளியிட்டார்கள். 2024-இல் பழ ஈயின் முழு மூளைக்கும் வரைபடம் வந்தது: 1,39,255 நரம்பு செல்கள், அவற்றுக்கிடையே ஐந்து கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள். இம்முறை இழைகளைத் தொடர்ந்தது கணினி. அது தப்பாக ஒட்டியதைப் பிரித்துச் சரிசெய்ய மட்டும் உலகெங்கும் ஏராளமானோர் உட்கார வேண்டியிருந்தது. அங்கே இன்னும் மனிதக் கண்ணுக்கு வேலை மிச்சமிருக்கிறது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

மனித மூளையில் 10,000 கோடி நரம்பு செல்கள் என்று நாங்கள் மனப்பாடம் செய்தோம். எண்ணிப் பார்த்தபோது சுமார் 8,600 கோடிதான். செய்தி ஓடும் விதத்தில் மட்டும் மாற்றமில்லை. சோடியம் உள்ளே பாய, பொட்டாசியம் வெளியேற, அந்த மின்அலை இழை வழியே நகர்வதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பருத்த நரம்பிழையில் அளந்து 1952-இல் எழுதினார்கள். அந்தச் சமன்பாடுகளைத்தான் மகளும் படிக்கிறாள்.

சி. எலிகன்ஸின் வரைபடம் கிடைத்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகியும், அந்தப் புழு அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அதைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியவில்லை. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது வேறு. எந்த நேரத்தில் எது பேசும் என்பது வேறு.

சென்ற மாதம் என் பழைய ரெக்கார்டு நோட்டை அவளிடம் காட்டினேன். பென்சிலில் வரைந்த ஒன்பது முடிச்சுகள், பக்கத்தில் சிவப்பு மையில் கையெழுத்து. அவள் கடைசி முடிச்சின் மேல் விரலை வைத்தாள். பூச்சியின் வால்பக்கம் இருக்கும் இரண்டு கொம்புகளில் காற்று பட்டதும் செய்தி முதலில் வருவது இங்கேதான் என்றாள். இங்கிருந்து பருத்த இழைகள் நேரே கால்களை இயக்கும் மார்பு முடிச்சுகளுக்கு ஓடுவதால்தான், நாம் செருப்பை ஓங்கி முடிப்பதற்குள் அது திரும்பி ஓடிவிடுகிறதாம்.

அந்த முடிச்சை எத்தனையோ முறை அறுபடாமல் எடுத்திருக்கிறேன். அதன் வழவழப்பு விரலுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது என்ன செய்கிறது என்று அன்று நான் கேட்டதே இல்லை.